அலைகளும் பரப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல் படிப்பவர்களும் அவர்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. முதல் ஏழு பதில்களைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். பின்னால் வருபவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன. ஒலிக் கணக்குகளில் காற்றின் வெப்பநிலை நம் ஊருக்கு ஏற்றபடி 30 டிகிரி செல்சியஸ். அப்போது ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர்.

1. அலை சுவத்துல பட்டு திரும்பறதுன்னா, பந்து பட்டு திரும்பற மாதிரிதானே?

கோணத்தைப் பொறுத்தவரை ஆமாம். மற்ற எதற்கும் அந்தப் படம் உதவாது. பந்து ஒன்று திரும்பும், இல்லையென்றால் உள்ளே போகும். அலையோ ஒரே நேரத்தில் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் உள்ளே போகும். திரும்பும் பங்கு சில சமயம் தலைகீழாகவும் திரும்பும். பந்துக்கு அப்படி ஒன்று கிடையாது.

அலை ஏன் திரும்புகிறது என்பதற்கான காரணம் இதுதான். இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு நிபந்தனைகள் நிறைவேறியாக வேண்டும். இரு பக்கமும் ஒன்றாக அசைய வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் பிளவு விழும். இரு பக்கமும் ஒன்றை ஒன்று சம விசையால் தள்ள வேண்டும். வரும் அலை மட்டும் அப்படியே உள்ளே போனால் இவ்விரண்டையும் சேர்த்து நிறைவேற்ற முடியாது. மிச்சத்தைச் சரிக்கட்டத்தான் மூன்றாவதாக ஓர் அலை திரும்பிப் போகிறது. இரு பக்கமும் அலைக்கு ஒரே மாதிரி இருந்தால் சரிக்கட்ட எதுவும் இல்லை, பிரதிபலிப்பும் இல்லை. கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் இந்த ஒரு பத்தியிலிருந்து வருபவை.

2. கோணத்தை சுவத்துல இருந்து அளக்காம எதுக்கு செங்குத்துக் கோட்டுல இருந்து அளக்கணும்?

வளைந்த பரப்பில் 'சுவரிலிருந்து' என்றால் எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியாது. செங்குத்துக்கோடு எந்தப் புள்ளியிலும் ஒன்றே ஒன்றுதான். தேர்வில் மதிப்பெண் போகும் இடமும் இதுதான்: 'ஆடியுடன் 30 டிகிரி சாய்ந்து வரும் கதிர்' என்றால் படுகோணம் 60 டிகிரி. கேள்வியில் 'ஆடியுடன்' என்று இருக்கிறதா, 'செங்குத்துடன்' என்று இருக்கிறதா என்று முதலில் அடிக்கோடிடுங்கள்.

3. திரும்பி வரும்போது அலையோட வேகம் குறையுமா? எது மாறும், எது மாறாது?

திரும்பி வரும் அலை அதே ஊடகத்தில்தான் ஓடுகிறது. ஆகவே வேகம் மாறாது. அதிர்வெண்ணும் மாறாது, ஏனென்றால் எல்லையில் இரு பக்கமும் ஒன்றாக அசைகின்றன. இரண்டும் மாறாததால் அலைநீளமும் மாறாது. மாறுபவை திசை, வீச்சு (அசைவின் உயரம்), சில சமயம் கட்டம் (அலை அந்தக் கணத்தில் மேடா பள்ளமா என்ற நிலை). அடுத்த ஊடகத்துக்குள் போகும் பங்குக்கு அதிர்வெண் மட்டும் அதே. வேகமும் அலைநீளமும் சேர்ந்து மாறும்.

பரப்பே நகர்ந்தால் அதிர்வெண்ணும் மாறும். 24 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடார் வேகமானியை நோக்கி ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்தால், திரும்பும் அலையின் அதிர்வெண் சுமார் 2,670 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். அந்த வித்தியாசத்தை அளந்துதான் வேகம் சொல்கிறார்கள்.

4. கட்டின முனையில கயிறு அலை தலைகீழாகுது, கட்டாத முனையில ஆகலைன்னு புக்குல இருக்கு. வீட்ல செஞ்சு பாக்க முடியுமா?

முடியும். 5 மீட்டர் நீளமும் கால் கிலோ எடையும் உள்ள பருத்திக் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டுங்கள். மறுமுனையை அரைக்கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு இழுத்துப் பிடித்து, மணிக்கட்டால் ஒரே ஒரு முறை மேலே வெட்டி இறக்குங்கள். இந்த இழுவிசையில் துடிப்பு நொடிக்குச் சுமார் 10 மீட்டர் ஓடும், ஒரு நொடியில் போய் வந்துவிடும். கண்ணுக்குச் சிக்காவிட்டால் கைப்பேசியில் ஸ்லோ மோஷன் எடுங்கள். மேடாகப் போனது பள்ளமாக வரும். கட்டிய முனை அசையக் கூடாது. வரும் மேட்டை அங்கே பூஜ்யமாக்க அதே அளவு பள்ளம் வேண்டும்.

கட்டாத முனைக்குத்தான் பலர் தடுமாறுகிறார்கள். முனையை விட்டுவிட்டால் கயிறு தொங்கிவிடும். அதற்கு வழி, கயிற்றுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே 2 மீட்டர் தையல் நூலைக் கட்டுவது. நூல் இழுவிசையைத் தாங்கும், ஆனால் முனை மேலும் கீழும் போவதைத் தடுக்காது. இப்போது மேடு மேடாகவே திரும்பும். முனை ஒரு கணம் ஏறத்தாழ இரட்டிப்பு உயரம் துள்ளும். சோதனை கெட்டுப்போகும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: கயிறு தரையில் உரசுகிறது, கையை மெதுவாக அசைத்ததால் துடிப்பு கயிற்றை விட நீளமாகிவிடுகிறது, நைலான் கயிறு ரப்பர் போல நீண்டு இழுவிசையை மாற்றுகிறது.

5. முனை கட்டியும் இல்ல, கட்டாமலும் இல்ல. மெல்லிசு கயிறு கூட தடி கயிறை முடிச்சுப் போட்டா?

அப்போது கணக்கு தேவைப்படும். அதற்கான அளவு இம்பீடன்ஸ், அதாவது ஊடகத்தை அசைக்க எவ்வளவு விசை பிடிக்கிறது என்பது. கயிற்றுக்கு அது இழுவிசையையும் ஒரு மீட்டர் நிறையையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். திரும்பும் வீச்சின் பின்னம் = (முதல் கயிற்றின் இம்பீடன்ஸ் − இரண்டாவதின் இம்பீடன்ஸ்) ÷ (இரண்டின் கூட்டல்). உள்ளே போகும் வீச்சின் பின்னம் = (2 × முதல் கயிற்றின் இம்பீடன்ஸ்) ÷ (இரண்டின் கூட்டல்).

இரண்டாவது கயிற்றின் ஒரு மீட்டர் நிறை 4 மடங்கு என்றால் இம்பீடன்ஸ் 2 மடங்கு. திரும்புவது (1−2)÷(1+2), அதாவது மைனஸ் மூன்றில் ஒன்று. மைனஸ் என்றால் தலைகீழ், வேறொன்றும் இல்லை. உள்ளே போவது மூன்றில் இரண்டு, நிமிர்ந்தபடி. இரண்டாவது கயிற்றின் இம்பீடன்ஸை எல்லையில்லாமல் கூட்டினால் மைனஸ் 1 வரும், அது கட்டிய முனை. பூஜ்யமாக்கினால் பிளஸ் 1, அது கட்டாத முனை. 4-ஆவது பதிலின் இரண்டு காட்சிகளும் இந்தச் சூத்திரத்தின் இரண்டு ஓரங்கள்.

6. தடி கயித்துல இருந்து மெல்லிசுக்கு போனா வீச்சு 4/3 வருது. வந்ததை விட அதிகமா? ஆற்றல் எங்கிருந்து வந்துச்சு சார்?

எங்கிருந்தும் வரவில்லை. வீச்சு ஆற்றல் அல்ல. ஒரே அதிர்வெண்ணில் அலை நொடிக்குச் சுமக்கும் ஆற்றல், இம்பீடன்ஸ் × வீச்சின் வர்க்கம் என்பதற்கு நேர்விகிதம். தடிக் கயிறு 2, மெல்லிய கயிறு 1 என்று வையுங்கள். வருவது 2 × 1 = 2. திரும்புவது 2 × 1/9 = 2/9. உள்ளே போவது 1 × 16/9 = 16/9. கூட்டினால் 18/9, சரியாக 2. மெல்லிய கயிறு பெரிதாக ஆடினாலும் அதை ஆட்டச் சிறிது ஆற்றலே போதும். 5-ஆவது பதிலின் எண்களையும் இதே போல் நீங்களே கூட்டிப் பாருங்கள். திரும்பும் ஆற்றல் அங்கேயும் ஒன்பதில் ஒரு பங்குதான். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அந்தப் பங்கு மாறாது.

7. ஒலி சுவத்துல பட்டா தலைகீழாகும்னு ஒரு கைடுல இருக்கு, ஆகாதுன்னு இன்னொன்னுல இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதை இரண்டு கைடும் எழுதாமல் விட்டதுதான் குழப்பம். காற்றுத் துகள்களின் இடப்பெயர்ச்சி சுவரில் பூஜ்யமாக வேண்டும், அதனால் அது கட்டிய கயிறு போலத் தலைகீழாகும். அழுத்தம் அப்படியல்ல; சுவரில் காற்று நெரிபடுவதால் நெருக்கமாக வந்தது நெருக்கமாகவே திரும்பும், சுவரில் அழுத்த மாற்றம் இரட்டிப்பாகும். சுவர் இடப்பெயர்ச்சிக்குக் கணு (மாற்றமே இல்லாத இடம்), அழுத்தத்துக்கு எதிர்க்கணு (மாற்றம் மிக அதிகமான இடம்).

எழுதும்போது 'தலைகீழாகும்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'இடப்பெயர்ச்சி தலைகீழாகும்' என்றோ 'அழுத்தம் தலைகீழாகாது' என்றோ முழுதாக எழுதுங்கள். மைக் அளப்பது அழுத்தத்தை. ஆகவே மைக்கை வைத்துச் செய்யும் சோதனையில் 5-ஆவது பதிலின் குறி மாறித் தெரியும்.

8. திறந்த குழாய் முனையில சுவரே இல்லையே, அலை எதுல பட்டு திரும்புது?

சுவர் தேவையில்லை, இம்பீடன்ஸ் மாறினால் போதும். குழாய்க்குள் காற்று பக்கவாட்டில் விரிய முடியாது; வாய்க்கு வெளியே எல்லாப் பக்கமும் விரியலாம். அதனால் வாயில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒட்டி நிற்கிறது, நெருக்கமாக வந்தது நெகிழ்வாகத் திரும்புகிறது. புல்லாங்குழலில் துளையைத் திறப்பதும் இந்தத் திரும்பும் இடத்தை ஊதும் துளைக்கு அருகே கொண்டுவருவதுதான்.

திருப்பம் சரியாக வாயிலேயே நடப்பதில்லை, சற்று வெளியே நடக்கிறது. குழாயின் உள்விட்டத்தில் 0.3 மடங்கு என்று எடுத்துக்கொள்கிறோம், இதன் பெயர் முனைத் திருத்தம். ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையில், அதாவது குழாயின் நீர்மட்டத்தை மாற்றி இசைக்கவையின் ஒலி உரத்துக் கேட்கும் காற்று நீளங்களை அளப்பதில், இதை மறப்பது பெரிய பொறி. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை, 3 செ.மீ. உள்விட்டக் குழாய் என்றால் முதல் ஒத்ததிர்வு 16.1 செ.மீ. அருகிலும் இரண்டாவது 50.2 செ.மீ. அருகிலும் கிடைக்கும். முதல் நீளத்தை மட்டும் 4 × அதிர்வெண்ணால் பெருக்கினால் நொடிக்கு 330 மீட்டர் வரும். அடடா, புத்தகத்தில் உள்ள 331-க்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று மாணவர் மகிழ்ந்துபோவார். அந்த 331 என்பது 0 டிகிரிக்கான மதிப்பு. சென்னை ஆய்வகத்தில் அது வரக் கூடாது. இரண்டு நீளங்களின் வித்தியாசம் 34.1 செ.மீ.; அதை 2 × 512-ஆல் பெருக்குங்கள், 349 வரும். முனைத் திருத்தம் கழித்தலில் தானாக அடிபட்டுவிடும்.

இசைக்கவையை மேசையில் தட்டாமல் ரப்பர் கட்டையில் தட்டுங்கள்; மேசையில் தட்டினால் கூடுதல் சுரங்கள் சேரும். அதன் கிளைகள் குழாயின் வாயை நோக்கி மேலும் கீழும் அசையும்படி பிடியுங்கள், விளிம்பைத் தொடவிடாதீர்கள். நீர்மட்டத்தை இறக்கும்போது ஒரு முறையும் ஏற்றும்போது ஒரு முறையும் குறித்து சராசரி எடுங்கள். ஒலி கூர்மையாக உயராமல் மந்தமாக இருந்தால் நீர் வேகமாக இறங்குகிறது என்று பொருள்.

9. எதிரொலி கேக்க 17 மீட்டர் போதும்னா, கல்யாண மண்டபத்துல ஏன் எதிரொலி கேக்காம வெறும் இரைச்சலா இருக்கு?

17 மீட்டர் என்பது, இரண்டு ஒலிகளைத் தனித்தனியாகக் கேட்கக் காதுக்குப் பத்தில் ஒரு நொடி இடைவெளி வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. 30 டிகிரியில் அது 17.5 மீட்டர். மண்டபத்தில் தளம், கூரை, நான்கு சுவர்கள் எல்லாம் பல தூரங்களில் இருப்பதால், நூற்றுக்கணக்கான பிரதிபலிப்புகள் அந்த இடைவெளிக்குள்ளேயே வந்து ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. அது எதிர்முழக்கம்.

ஒலி அடங்கும் நேரம் = 0.16 × கனஅளவு ÷ மொத்த உறிஞ்சு பரப்பு. 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் உள்ள மண்டபத்தின் கனஅளவு 1,800 கன மீட்டர், உள்பரப்பு 1,020 சதுர மீட்டர். சிமென்ட் பூச்சும் டைல்ஸும் தம் மேல் படுவதில் சுமார் 3 சதவீதம்தான் உறிஞ்சும். ஆகவே உறிஞ்சு பரப்பு ஏறத்தாழ 31. அடங்கும் நேரம் 9 நொடிக்கு மேல்! 300 பேர் வந்து உட்கார்ந்தால், ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் வீதம் 135 கூடி, நேரம் 1.7 நொடியாகிவிடும். காலி மண்டபத்தில் மைக் சரிபார்த்து ஒலியளவை நிர்ணயிப்பது இதனால்தான் ஏமாற்றும். மார்கழிக் கச்சேரிக்கு வேட்டியும் பட்டுப் புடவையுமாகக் கூடும் ரசிகர்களும் சபாவின் ஒலி அமைப்பில் ஒரு பகுதி. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவது தீர்வல்ல. திரை, மெத்தை இருக்கை, துளையிட்ட கூரைப் பலகை போன்றவை உறிஞ்சு பரப்பைக் கூட்டும்.

10. சுவர் சொரசொரப்பா இருக்கு, அதுல முகம் தெரியல. ஆனா எதிரொலி மட்டும் சுத்தமா வருதே?

சொரசொரப்பு என்பது சுவரின் குணம் மட்டும் அல்ல, அலைநீளத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. மேடுபள்ளம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், செங்குத்தாக வரும் அலைக்கு அது வழவழப்பான பரப்பு. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 செ.மீ.; அதற்கு 4 செ.மீ. வரையிலான மேடுபள்ளம் ஒரு பொருட்டே இல்லை. ஒளியின் அலைநீளம் சுமார் அரை மைக்ரோமீட்டர். பூச்சில் உள்ள மணல்துகள் அதற்கு மலை. சாய்ந்து போகும் அலைக்கு இந்த வரம்பு தளரும். அண்ணா சாலையில் உச்சிவெயிலில் மங்கலாகத் தெரியும் தார், மாலை வெயில் தாழ்ந்து விழும்போது பளபளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

11. மெரினாவுல அலை வந்துட்டே இருக்கு, திரும்பிப் போற அலையை பாக்க முடியலையே? அப்புறம் ராயபுரம் பக்கம் ஏன் கல்லைக் கொட்டி வச்சிருக்காங்க?

மெரினாவின் கரை சரிவானது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறைகிறது: 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 10 மீட்டர், 2 மீட்டர் ஆழத்தில் சுமார் 4.4 மீட்டர். சாய்ந்து வரும் அலை வளைந்து கரைக்கு ஏறத்தாழ நேராக வருவதும் இதனால்தான். அலையின் உயரம் அங்குள்ள ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டும்போது உடைந்து நுரையாகிறது. ஆற்றலின் பெரும்பகுதி அங்கேயே சுழலாகவும் மணல் அலைச்சலாகவும் செலவாகிவிட்ட பிறகு, திருப்பி அனுப்ப மிச்சம் அதிகம் இல்லை. மாற்றம் திடீரென்று இல்லாமல் படிப்படியாக இருப்பதும் திரும்பும் பங்கைக் குறைக்கிறது.

செங்குத்தான கான்கிரீட் சுவர் நேர் எதிர். அலை உடையாமல் முழுதாகத் திரும்பி, வரும் அலையோடு சேர்ந்து, நகராமல் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும் நிலை அலையாகிறது. 1 மீட்டர் அலை சுவரில் 2 மீட்டர் ஏறி இறங்கும். சுவருக்கு முன்னால் கால் அலைநீளத் தூரத்தில் நீரின் கிடைமட்ட ஓட்டமும் இரட்டிப்பாகும், அங்கே மணல் அரிக்கப்படும். அடிமணல் போனால் சுவர் முன்னோக்கிச் சரியும். கருங்கற்களைச் சரிவாகக் கொட்டினால் நீர் இடுக்குகளில் புகுந்து சுழன்று ஆற்றலை இழக்கிறது. கற்களை இடுக்கில்லாமல் அடுக்கிப் பூசிவிட்டால் அழகாக இருக்கும், ஆனால் அது மறுபடியும் சுவர்தான்.

அந்தக் கற்கள் ஏன் வடக்கே தேவைப்பட்டன என்பது வேறு கதை. நம் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்து ராயபுரம் பக்கம் அரித்தது.

12. கடல் நீலமா தெரியறது வானத்தோட பிரதிபலிப்புதானே?

பிரிட்டன் இயற்பியலாளர் ரேலே அப்படித்தான் சொல்லியிருந்தார். அதைச் சோதித்துப் பார்த்தவர் மெரினா எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன். 1906-இல், மாணவராக இருந்தபோதே, பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பிரதிபலிக்கும் ஒளி காட்டிய பட்டைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டவர். 1921-இல் கப்பல் பயணத்தின்போது நிகோல் பட்டகம் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) வழியாகக் கடலைப் பார்த்தார்.

அவர் பயன்படுத்திய உண்மை இது. நீர்ப்பரப்பில் படுகோணம் 53 டிகிரி ஆகும்போது, பிரதிபலிக்கும் ஒளி முழுவதும் ஒரே தளத்தில் முனைவாக்கம் பெற்றிருக்கும், அதாவது அதன் அதிர்வு அந்த ஒரு தளத்தில் மட்டும் இருக்கும். அந்தத் தளத்தைத் தடுக்கும்படி பட்டகத்தைத் திருப்பினால் பிரதிபலிப்பு அணைந்துவிடும், நீருக்குள்ளிருந்து வரும் ஒளி மட்டும் தெரியும். வானத்தின் பிரதிபலிப்பு அணைந்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, இன்னும் செறிவாக. நீலம் நீருக்குள்ளேயே ஒளி சிதறுவதாலும் உறிஞ்சப்படுவதாலும் வருகிறது. பரப்பின் பங்கு இல்லாமல் இல்லை: நேராகக் குனிந்து பார்த்தால் நீர் 2 சதவீதம்தான் பிரதிபலிக்கும், 80 டிகிரி சாய்வில் சுமார் 35 சதவீதம். அதனால்தான் மேகமூட்டத்தில் தொலைவுக் கடல் சாம்பல் நிறம்.

போலராய்டு கண்ணாடி இருந்தால் மயிலாப்பூர் தெப்பக்குளத்தில் நீர் இருக்கும்போது பாருங்கள். கண் நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், சுமார் 2 மீட்டர் தள்ளியுள்ள நீர்தான் சரியான கோணத்தில் இருக்கும். கண்ணாடியை 90 டிகிரி சுழற்றினால் பளபளப்பு வருவதும் போவதும் தெரியும்.

13. சோப்பு படலம் உடையறதுக்கு முன்னாடி கருப்பாகுது. மெல்லிசானா கண்ணாடி மாதிரி தெளிவாத்தானே ஆகணும்?

தெளிவாகத்தான் ஆகிறது, பிரதிபலிப்பதை நிறுத்திவிடுவதால் கருப்பாகத் தெரிகிறது. முன்பரப்பில் ஒளி அடர்குறை ஊடகத்திலிருந்து அடர்மிகு ஊடகத்தில் படுகிறது. கட்டிய கயிறு போலத் தலைகீழாகத் திரும்பும். பின்பரப்பில் நீரிலிருந்து காற்றில் படுகிறது, நிமிர்ந்தபடி திரும்பும். படலம் 30 நானோமீட்டருக்கும் கீழே மெலியும்போது இரண்டுக்கும் பாதை வித்தியாசம் ஏறத்தாழ இல்லை, ஆனால் ஒன்று தலைகீழ். எல்லா நிறமும் அடிபட்டுப்போகும். கட்ட மாற்றம் உண்மை என்பதற்கு இதைவிட எளிய சாட்சி கிடையாது.

மூக்குக் கண்ணாடியில் பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். பூச்சு இதன் மறுபக்கம். பூச்சின் இரு பரப்பிலும் ஒளி அடர்மிகு ஊடகத்தில்தான் படுகிறது, இரண்டும் தலைகீழ். அவற்றை எதிரெதிராக்கத் தடிமன் பூச்சுக்குள் கால் அலைநீளம் வேண்டும். மெக்னீசியம் ஃபுளோரைடுக்கு ஒளிவிலகல் எண் 1.38, 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்குத் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். கண்ணாடிப் பரப்பின் 4 சதவீதப் பிரதிபலிப்பு 1.4 ஆகக் குறையும். பச்சைக்குச் சரிசெய்ததால் சிவப்பும் நீலமும் கொஞ்சம் மிஞ்சும். இந்த ஒற்றைப் பூச்சில் ஊதாச் சாயல் தெரிவது அதனால்.

14. முழு அக எதிரொளிப்புல ஒளி வெளியவே வராதா, கொஞ்சம் கூடவா?

நீர் அல்லது கண்ணாடிக்குள்ளிருந்து காற்றின் எல்லையில் மிகச் சாய்வாகப் படும் ஒளி முழுதும் உள்ளேயே திரும்புவதுதான் முழு அக எதிரொளிப்பு. ஆற்றல் வெளியே ஓடாது. ஆனால் 1-ஆவது பதிலின் நிபந்தனைகள் இங்கேயும் உண்டு: உள்ளே அலைவு இருக்கும்போது எல்லைக்கு வெளியே திடீரென்று பூஜ்யம் ஆக முடியாது. அதனால் பரப்பை ஒட்டி, அலைநீளத்தின் அளவிலான ஆழத்துக்கு, வேகமாகத் தேயும் அலைவு ஒன்று வெளியே இருக்கிறது. அதற்குள் வேறு பொருளைக் கொண்டுவந்தால் ஒளி தாவிவிடும்.

கண்ணாடி டம்ளரில் நீர் நிரப்பி, மேலிருந்து நீர் வழியாக உள்சுவரைச் சாய்வாகப் பாருங்கள். சுவர் வெள்ளி போல மின்னும், வெளியே பிடித்திருக்கும் விரல் தெரியாது. விரலை ஈரமாக்கி அழுத்துங்கள். ரேகைகளின் மேடுகள் மட்டும் தெரியும். பள்ளங்களில் காற்று இருப்பதால் அங்கே எதிரொளிப்பு தொடரும். ஒளியில் இயங்கும் கைரேகைக் கருவிகள் பல இப்படித்தான் படிக்கின்றன. விரல் வறண்டிருந்தால் மேடு சரியாக ஒட்டாது, ரேகை விட்டுவிட்டு விழும். அதனால்தான் சற்று ஈரப்படுத்தி வைக்கச் சொல்கிறார்கள்.

15. ஸ்கேன் எடுக்கும்போது எதுக்கு ஜெல் தடவறாங்க? காசிமேட்டு போட்ல மீன் பாக்கற கருவியும் இதேதானா?

தோலுக்கும் கருவிக்கும் நடுவே மெல்லிய காற்று இருந்தாலும் போதும், 5-ஆவது பதிலின் சூத்திரப்படி 99.9 சதவீத ஆற்றல் திரும்பிவிடும். தசையின் இம்பீடன்ஸ் காற்றைப்போல் சுமார் 4,000 மடங்கு. ஜெல்லின் இம்பீடன்ஸ் உடலுக்கு நெருக்கமானது. உள்ளே போனபின் கொழுப்பு, தசை எல்லையில் திரும்புவது 1 சதவீதம் மட்டுமே. படம் அதிலிருந்துதான் கிடைக்கிறது. எலும்பில் 40 சதவீதம் திரும்பிவிடும், அதன் பின்னால் நிழல் விழும்.

படகின் எக்கோ சவுண்டரும் இதே தத்துவம். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். 40 மீட்டர் ஆழத்துத் தரையிலிருந்து எதிரொலி 53 மில்லிநொடியில் வரும். மீனின் சதை ஏறத்தாழ நீர்தான், பலமாகப் பிரதிபலிப்பது அதன் காற்றுப்பை. காற்றுப்பை இல்லாத வஞ்சிரமும் சுறாவும் உடம்பின் அளவுக்கு ஏற்ற பலமான எதிரொலி தருவதில்லை.

16. கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர்ல சும்மா இருக்கற முனைக்கு மூடி போடணும்னு சொல்றாங்க. கரண்ட் கூட பிரதிபலிக்குமா?

பிரதிபலிக்கும். கோஆக்சியல் கேபிளின் இம்பீடன்ஸ் 75 ஓம். சும்மா விட்ட முனை மின்னழுத்த அலையை முழுதாகத் திருப்பும், அது மற்ற அறைகளின் சிக்னலோடு கலந்து சில சேனல்களை மட்டும் கெடுக்கும். 75 ஓம் மூடி போட்டால் அலைக்கு முனை இருப்பதே தெரியாது. 50 ஓம் மூடி போட்டால் வீச்சில் ஐந்தில் ஒரு பங்கு, ஆற்றலில் 4 சதவீதம் திரும்பும். கேபிளைக் கூர்மையாக மடித்த இடமும், கனெக்டரில் உப்புக்காற்றுப் பட்டுத் துருவேறிய இடமும் இதே வேலையைச் செய்யும்.

17. ரேடார் அலை 10 செ.மீ., மழைத்துளி சில மில்லிமீட்டர். அவ்ளோ சின்னதுல பட்டு எப்படி திரும்பும்?

பிரதிபலிப்பு விதி, பரப்பு அலைநீளத்தை விடப் பெரிதாக இருக்கும்போதுதான். துளி மிகச் சிறியதாக இருப்பதால் அது அலையை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. அதில் ஒரு துளிப் பங்கு ரேடாருக்குத் திரும்புகிறது. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-இல் அமைந்த வானிலை டாப்ளர் ரேடார் இந்த 10 செ.மீ. வகை. சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது: 2 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 64-க்குச் சமமாகத் தெரியும். தூறல் நிறைய விழுந்தாலும் ரேடார் படத்தில் மங்கலாகவும், பெருந்துளி மழை செக்கச் சிவப்பாகவும் காட்டப்படுவதற்கு இதுவே காரணம்.

18. போற அலையும் திரும்பற அலையும் சேர்ந்து கணுவுல பூஜ்யமாகுதே, அந்த ஆற்றல் அழிஞ்சு போச்சா?

இல்லை, இடம் மாறியிருக்கிறது. எதிர்க்கணுவில் வீச்சு இரட்டிப்பு, ஆகவே அங்கே இயக்க ஆற்றல் நான்கு மடங்கு, கணுவில் பூஜ்யம், சராசரி எடுத்தால் இரண்டு அலைகளின் இயக்க ஆற்றலும் சரியாகக் கணக்கில் வரும். கயிறு முழுதும் நேர்க்கோடாகத் தெரியும் கணத்தைக் காட்டி 'இப்போ எங்கே?' என்று கேட்பார்கள். அந்தக் கணத்தில் கயிறு மிக வேகமாக நகர்ந்துகொண்டிருக்கிறது, ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றல். புகைப்படத்தில் வேகம் தெரியாது, அவ்வளவுதான். கணுவிலும் கயிறு சும்மா இல்லை. அசையாவிட்டாலும் அங்கேதான் அதிகமாகச் சாய்ந்து இழுபடுகிறது. 7-ஆவது பதிலில் இடப்பெயர்ச்சிக் கணுவே அழுத்த எதிர்க்கணு என்றதும் இதே விஷயம்.

கண்ணால் பார்க்க மைக்ரோவேவ் அடுப்பு போதும். சுழலும் தட்டை எடுத்துவிட்டு, அதன் அடியில் உள்ள சுழற்றியின் மேல் படாதபடி ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, பொரிக்காத அப்பளங்களை நெருக்கமாகப் பரப்பி 20 முதல் 30 நொடி ஓடவிடுங்கள். எதிர்க்கணு உள்ள இடங்கள் மட்டும் பொரியும், நடுவில் பச்சையாகவே இருக்கும். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் அலைநீளம் 12.2 செ.மீ.; ஒரே திசையில் போய்த் திரும்பும் அலையானால் பொரிந்த இடங்கள் 6.1 செ.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும். அடுப்புக்குள் ஆறு பக்கமும் உலோகச் சுவர், அலைகள் மூன்று திசைகளிலும் நிற்கும். அதனால் இடைவெளி 6 முதல் 8 செ.மீ. வரை ஏறி இறங்குவது இயல்பு. எண் சரியாக வரவில்லையே என்று அப்பளத்தைத் தள்ளிவைத்துச் சரிக்கட்டாதீர்கள், அளந்ததை அப்படியே எழுதுங்கள்.